வெள்ளைக் கோடு

செம்மநத்தம் போகும் ஜீப்பில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் ஒரு சின்ன கவுன் மடித்து வைத்திருந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் மகளைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்புகிறாள் என்று டிரைவர் முன்பே என் காதில் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரியான மூத்தவள் திடீரென்று சொன்னாள்: "தண்ணி கலக்கவே இல்ல கண்ணு."

"எந்தத் தண்ணிங்கக்கா?"

"எஸ்டேட்டுல பூச்சி மருந்தடிச்ச டின்னை ஓடையில கழுவுனாங்க. எங்க ஊட்டுக்கிட்ட ஓடை அலுங்காமப் போகுமில்ல? மருந்து அந்தக் கரையோரமா வெள்ளைக் கோடாட்டம் போச்சு. இந்தக் கரைக்கு ஒரு சொட்டு வரல. நான் இந்தப் பக்கம்தான் மொண்டேன்."

"பாறைக்குக் கீழ, எங்ககிட்ட, கோடே இல்லீங்களே. தெளிவாத்தான இருந்துச்சு."

"பாறையில உழுந்து பொரண்டா அத்தனையும் ஒண்ணாக் கலந்துரும் கண்ணு. அப்புறம் யாரு கண்ணுக்குத் தெரியும்?"

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. இளையவள் கவுனைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"நீங்க கோட்டைப் பாக்கறப்ப நான் கீழ மொண்டுட்டு இருந்தனுங்களா?"

"இருந்த. உன்ர கொடங்கூடத் தெரிஞ்சுது."

"தெனமும் பாப்பாவை அங்கிருந்துதான திங்கக் கூப்புடுவீங்க. எனக்கு நல்லாக் கேக்குமுங்க, அக்கா."