கள்ளனுக்குக் கிடைக்காத துப்பாக்கி

தக்கலை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் நடுவயதுக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். வில்லுக்குறி தாண்டியதும் கணவர் துப்பாக்கிப் பேச்சை எடுத்தார்:

"நம்ம வீட்டுத் தோக்கைக் களவாங்கணும்னா கள்ளன் நாலு நாளு வீட்டில தங்கணும்."

"தங்கினா அவனுக்கும் நாந்தான் பொங்கிப் போடணும்."

"கேளு. அப்பா வச்சிட்டுப் போன நாலு தோக்கையும் கழட்டிட்டேன். குழலெல்லாம் பத்தாயத்து நெல்லுக்குள்ள. விசை எள்ளுப் பானையில. மரப்பிடி வேற எடத்துல."

"எங்கிட்டச் சொல்லல்லியே."

"உங்கிட்டச் சொன்னா ஊரு அறியும்."

"இப்ப மட்டும் ஏன் சொல்லுதிய?"

"இன்னைக்கு தாலுக்கா கச்சேரியில லைசென்ஸ் புதுக்க மனு குடுத்தா, திங்கக்கிழமை ஆளு வந்து நாலையும் பாப்பான். ஒண்ணு கொறஞ்சாலும் கேசு. நீயும் கூட நின்னா பொருத்திரலாம்."

"மரப்பிடி எங்க இருக்கு?"

"விறகுப்புரையில, அடியில. எந்தக் கள்ளன் விறகு களவாங்குவான்?"

அந்த அம்மாள் வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் வைத்தார்.

"மவ பெத்துக் கெடந்தப்ப அடமழைல்லா. விறகு பூரா நனஞ்சு போச்சு. அடியில வளஞ்ச கட்டை நாலு மட்டும் காஞ்சு கெடந்துது. ஒடஞ்ச கலப்பை மேழின்னு நெனச்சேன்."

"நெனச்சு?"

"வெந்நி நல்லா கொதிச்சுது."

கணவர் வெளியே திரும்பிக்கொண்டார். புலியூர்க்குறிச்சி வந்தது, போனது.

தக்கலையில் இறங்கும்போது அம்மாள் அவர் மறந்த குடையை எடுத்துக் கொடுத்தார்.

"விடுங்க. இனி எந்தக் கள்ளன் வந்தாலும் முழுசா ஒரு தோக்கு அகப்படாது."