பதினொரு கற்களை மெலித்தது

எனக்குத் தோசை தடிமனாகச் சுட வராது, சாமி. உங்கள் பங்களாச் சமையற்கட்டில் ஆறு வருஷமாக நிற்கிறேன். ஒருநாளும் மொத்தமாக ஒரு தோசை விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. என் சுபாவம் தெரிந்தால் மற்றது எளிதில் புரியும்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது, கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது என்று உபதேசியார் இஞ்ஞாசிமுத்து சொன்னார். இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"என்னத்தா இருதயம், கொலை கிலை பண்ணிட்டியா?" என்றார்.

"அம்புட்டுக்கெல்லாம் நேரம் ஏதுண்ணே" என்றேன்.

அதனால்தான் சமையற்கட்டில் சொல்லாமல் இங்கே முழங்காலில் நின்று சொல்கிறேன். நாளைக்கு மதுரையில் பெரிய படிப்பாளிகள் முன்னால் உங்கள் கல்லாயுதங்களை வைக்கப் போகிறீர்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

கோம்பை மலையடிவாரத்தில் இரண்டு வருஷம் வெயிலில் அலைந்து, ஆதி மனிதர்கள் செதுக்கிய பதினொரு கற்களைக் கண்டெடுத்தீர்கள். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, சீட்டு எழுதிக் கட்டி, தகரப் பெட்டியில் பூட்டிவைத்தீர்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒன்றும் அகப்படவில்லை. கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கல்லைச் செதுக்கி, நீங்கள் நடக்கிற ஓடைக்கரையில் பாதி புதைத்து வைத்தேன். அன்று மதியம் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். முழுக்க இரக்கத்தால் செய்தது.

அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாகச் செதுக்கிப் புதைத்துவந்தேன். முதல் நான்கும் சரியாக வரவில்லை. கல்லின் நடுவில் மாட்டுத் திமில் போல ஒரு மேடு நின்றது. மேட்டையே அடித்தேன், விளிம்புதான் நொறுங்கியது. நீங்கள் ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவர்கள் மிக முந்தியவர்கள், இருதயம். மூளை வளரவில்லை" என்றீர்கள்.

"புதுசாப் பழகியிருப்பாக சாமி, பாவம்" என்றேன்.

அடுத்த மூன்றின்போது வலது கட்டைவிரல் நசுங்கியிருந்தது. இடது கையால் அடித்தேன். இடதுகைக்காரர்களின் கூட்டம் ஒன்று வடக்கேயிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டதாக எழுதினீர்கள்.

பிறகு சூட்சுமம் பிடிபட்டது. மேட்டை அடிக்கக்கூடாது, விளிம்பை அடிக்க வேண்டும். முதலில் அந்த விளிம்பை அம்மியில் தேய்த்து மழுக்கிக்கொள்ள வேண்டும். கூராக விட்டால் பொடிந்துவிடும். மேகமலையிலிருந்து ஏலக்காய் சுமந்து வருகிற ஒச்சாண்டி ஒரு மிளா மானின் கொம்புத் துண்டு கொடுத்தான். அதால் சரிவாகத் தட்டினால், செதில் விளிம்பில் கிளம்பி உள்ளே ஓடி, மேட்டையே வாரிக்கொண்டு போய்விடும். அந்தச் சத்தத்தில் உடம்பெல்லாம் ஓர் அமைதி வரும், சாமி. பூசையில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை. அதையும் பாவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நான்கும் வெற்றிலை மாதிரி வந்தன. பார்த்து அழுதீர்கள். முதல் கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் இடையே இருபதாயிரம் வருஷம் என்றீர்கள். மாசியிலிருந்து ஆனி வரைக்கும்தான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் கடைசி நான்கை மட்டும் இந்தப் பக்கத்து ஆள்கள் செய்திருக்கவே முடியாது, கடல் தாண்டி வந்த கெட்டிக்காரர்களின் கை அது என்றீர்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக ஒன்றும் இங்கே வரவில்லை. என் ஆத்துமத்துக்காக வந்தேன்.

இருமுகிறீர்களே, தண்ணீர் கொண்டுவரட்டுமா?

இன்னும் ஒன்று பாக்கி. ஓடைக் கல் எதுவும் செதுக்கத் தோதுப்படவில்லை, அடித்தால் சுக்குநூறாகும். உறுதியான நல்ல கல் பங்களாவில் ஒரே இடத்தில்தான் இருந்தது. சாவி உங்கள் அங்கிப் பையில் இருக்கும். துவைக்கப் போடும்போது எடுத்துக்கொள்வேன். துணியை அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் தடிமன், கோணல்மாணல், பாதியில் போட்டுவிட்டு எழுந்து போன வேலை. மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பதினொன்றையும் எடுத்து மெலித்துவிட்டேன். துணியும் சீட்டும் அப்படியே இருக்கட்டும் என்று உள்ளே கருப்பட்டி வைத்துக் கட்டினேன். பெட்டியில் எறும்பு ஏறுகிறதென்று சொன்னீர்களே, அதனால்தான்.

களவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சாமி. ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. பதினொன்றும் உங்களிடமேதான் இருக்கின்றன, முன்னைவிட நல்லதாக.