எந்த வெயிலிலும் ஆடுவோம்

ஃப்ரெடி: …அத வுடுக்கா. செகண்ட் டிவிஷன் போனா இன்னா வாங்கித் தருவ, அத சொல்லு.

கரோலின்: மொதல்ல இன்னைக்கு ஃபைனல் ஜெயிச்சிட்டு வா.

ஃப்ரெடி: ஜெயிப்போம். பதினோரு வருஷமா தேர்ட் டிவிஷன்லயே குந்தினுகீறோம். மொத எடம் வந்தவன் ஒண்டி மேல போவான். ரெண்டாவது வந்தவன் கை தட்டிட்டு வூட்டுக்கு வருவான். இப்பதான ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வந்தவன் மோதிக்கலாம், ஜெயிச்சவனும் மேல போலாம்னு பிளே ஆஃப் வந்துகீது. யாரால வந்துச்சு?

கரோலின்: ஆரம்பிச்சிட்டியா…

ஃப்ரெடி: எங்கக்கா எழுதின மனுவால வந்துச்சு! ஃபுட்பால் அசோசியேஷன்ல ஒரு பெரியவரு அத படிச்சிட்டு கண்ணாடிய கழட்டித் தொடச்சாராம். கிளப்பு செகரட்டரி அருள் மாமா சொன்னாரு.

கரோலின்: கண்ணாடில அழுக்கு இருந்திருக்கும். நாஷ்டா துன்னியா?

ஃப்ரெடி: ரெண்டு இட்லி.

கரோலின்: ரெண்டா? அது எந்த மூலைக்குடா?

ஃப்ரெடி: ஒரு மணிக்கு ஆட்டம். வயிறு ரொம்ப துன்னா எவன் ஓடறது?

கரோலின்: மோர் பாட்டிலு…

ஃப்ரெடி: எட்துகினேன்.

கரோலின்: தலைக்குத் தொப்பி?

ஃப்ரெடி: தொப்பி போட்டுகினு ஹெட்டிங் பண்ணட்டா? நீ எழுதறதோட நிறுத்திக்கக்கா.

கரோலின்: வாயி… போறப்ப கேட்ட சாத்திட்டுப் போ. நாய் உள்ள வருது.

ஃப்ரெடி: ரெண்டு கையிலயும் சாமான் கீது. நீயே சாத்திக்க.

* * *

அருள்பிரகாசம்: …அப்ப ஃப்ரெடிக்கு வருஷப் பூசை, வியாழக்கெழம காலைல ஆறரைக்கு.

கரோலின்: ஆமா மாமா. ஏன் நின்னுகினே பேசறீங்க? உக்காருங்க.

அருள்பிரகாசம்: உங்கம்மா…

கரோலின்: ஜெபமாலைக்குப் போயிருக்காங்க. வர நேரம் ஆவும்.

அருள்பிரகாசம்: அப்ப குந்தறேன்.

கரோலின்: அம்மா இல்லன்னாதான் குந்துவீங்களா?

அருள்பிரகாசம்: ஆர்பர்ல முப்பத்திரண்டு வருஷம் வின்ச் ஓட்டினவன்மா நானு. தலைக்கு மேல சரக்கு தொங்கசொல்லகூட பயந்ததில்ல. உங்கம்மா என்னப் பாத்துட்டு அந்தாண்ட திரும்பிக்கினு போறாங்க பாரு… அது தாங்கல. சரி வுடு. பெத்தவங்க. கோவம் இருக்கத்தான் செய்யும்.

கரோலின்: பூசை நேரம் கேக்க போன் பண்ணா போதாதா? இன்னா விஷயம், சொல்லுங்க.

அருள்பிரகாசம்: நம்ம கிளப்பு மூணாவதா வந்துச்சு, தெரியும்ல? செகண்ட் டிவிஷன்ல. ஏறிப் போன மொத வருஷமே.

கரோலின்: கிளப்பு பையன் பிராங்கிளின் வாட்ஸ்அப்ல போட்டிருந்தான்.

அருள்பிரகாசம்: மறுபடி பிளே ஆஃப். ஜெயிச்சா ஃபர்ஸ்ட் டிவிஷன்.

கரோலின்: எப்ப?

அருள்பிரகாசம்: வியாழக்கெழம.

கரோலின்: பூசை அன்னைக்கா?

அருள்பிரகாசம்: பூசை காலைலதான? ஆட்டம் அப்பால…

கரோலின்: எத்தன மணிக்கு?

அருள்பிரகாசம்: அதே டோல்கேட் கிரவுண்டுதான்.

கரோலின்: எங்கன்னு கேக்கல மாமா. எத்தன மணிக்கு?

அருள்பிரகாசம்: ஒரு மணிக்கு. சாயங்காலம் பெரிய கிளப்புங்களுக்கு. காலைல கோச்சிங் நடக்குது. நடுவுல மிச்சம் கெடக்கறது நமக்கு.

கரோலின்: ஒரு ஆளு செத்ததுக்கு அப்புறமுமா?

அருள்பிரகாசம்: செத்ததுக்கு ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னாங்க. கருப்புத் துணி கட்டினாங்க. நேரத்த மாத்தல.

கரோலின்: கத்திரி வெயிலு மாமா. அந்த கிரவுண்டுல ஒதுங்கறதுக்கு ஒரு மரங்கூட கெடையாது.

அருள்பிரகாசம்: எனக்குச் சொல்றியா? எம்பக்கத்துல வந்து ரெண்டு வாட்டி தண்ணி வாங்கி தலைல ஊத்திகினான். கோலும் போட்டுட்டான். வெளிய வாடான்னேன். ‘இன்னும் இருவது நிமிஷந்தான் மாமா’ன்னான். அப்பால நடு கிரவுண்டுல… எவனும் தொடல அவன. தானா வுழுந்தான்.

கரோலின்: ஆஸ்பத்திரில நூத்தியேழு டிகிரின்னாங்க.

அருள்பிரகாசம்: ஆட்டத்த நிறுத்தி, அப்ப இருந்த கணக்கே செல்லும்னு எழுதிட்டாங்க. ஒண்ணுக்கு ஜீரோ. நாம மேல போய்ட்டோம். பசங்க ஒருத்தனும் கை தட்டல.

கரோலின்: நீங்க போயி கேளுங்க. நேரத்த மாத்தச் சொல்லுங்க.

அருள்பிரகாசம்: போனேன். வெள்ளிக்கெழம. நாலரைக்கு வெச்சுக் குடுங்க சார்னேன். ஃபைல எடுத்தாங்க. நம்ம மனுவ மேசைமேல வெச்சு ஒரு வரிய விரலால காட்டினாங்க.

கரோலின்: எந்த வரி?

அருள்பிரகாசம்: உனக்குத் தெரியாதா?

கரோலின்: சொல்லுங்க.

அருள்பிரகாசம்: அது என் வாயில வர மாட்டுது.

கரோலின்: ‘நாங்கள் நிழல் கேட்டு வரவில்லை. ஏறிப் போக ஒரு படி கேட்டு வந்திருக்கிறோம். எந்த வெயிலிலும் ஆடுவோம்.’

அருள்பிரகாசம்: …அப்படியே சொல்ற.

கரோலின்: ஒரு நாளும் மறந்ததில்ல.

அருள்பிரகாசம்: அதுங்கீழ பன்னெண்டு கிளப்பு கையெழுத்து கீது. ‘நீங்களே எழுதிக் குடுத்துட்டு இப்ப எங்களக் கேட்டா?’ன்றாங்க. அந்த வரிய வாபஸ் வாங்கிக்கறோம்னு நம்ம கிளப்பே எழுதிக் குடுக்கணுமாம். நாளைக்குப் பத்து மணிக்கு கமிட்டி. அதுக்குள்ள குடுத்தா நேரம் மாறும். இல்லன்னா பதினோரு பேரு மறுபடி அந்த வெயில்ல எறங்கணும். அதான் வந்தேன். நீ எழுதணும்.

கரோலின்: நான் எழுதறதில்ல மாமா.

அருள்பிரகாசம்: ஆபீஸ்ல இன்னா பண்ற?

கரோலின்: கப்பல் பேப்பர் தட்டறேன். பெட்டி எத்தன, எடை எத்தன. அது எழுத்தில்ல. பிராங்கிளின எழுதச் சொல்லுங்க.

அருள்பிரகாசம்: அவனா? லீவு லெட்டர்ல ‘வயிற்றுவலி’ய ‘வயற்றுவாலி’ன்னு எழுதினவன். யாருக்கு வாலு மொளைச்சுதுன்னு கேட்டு அனுப்பினாங்க. தோ, சிரிப்பு வருது பாரு. ரெண்டே வரி கரோலு. நானே யோசிச்சினு வந்துகீறேன். எழுதிக்கோ. ‘சென்ற ஆண்டு மனுவில் அந்த வரி தட்டச்சுப் பிழையால்…’

கரோலின்: பிழையா?

அருள்பிரகாசம்: டைப்பிங் சென்டர்ல அந்தப் பொண்ணு சபீஹா இருந்துச்சே. கல்யாணமாகி பூட்ச்சு. யாரு போய் கேக்கப் போறாங்க?

கரோலின்: அந்தப் பொண்ணு ஒரு புள்ளிகூட தப்பா தட்டாது மாமா. ஒரு முழு வரிய யாராவது கை தவறித் தட்டுவாங்களா?

அருள்பிரகாசம்: அப்ப என் தலைல போடு. ‘செயலாளர் சொன்னபடி எழுதப்பட்டது’ன்னு போடு. ஊரே அப்படித்தான நெனச்சினுகீது.

கரோலின்: ஊரு ஏன் அப்படி நெனைக்குது?

அருள்பிரகாசம்: நான் சொன்னேன். அத்தொட்டு.

கரோலின்: ஏன் சொன்னீங்க?

அருள்பிரகாசம்: இப்ப எதுக்கு அது…

கரோலின்: அடக்கத்தன்னைக்கு, பெட்டி மூடறதுக்கு முன்ன, மத்த கிளப்புக்காரங்க வந்து கத்தினாங்க. ‘எந்த வெயில்லயும் ஆடுவோம்னு எவன்டா எழுதினான்’னு. நீங்க முன்னாடி வந்தீங்க. ‘நான்தான் சொல்லி எழுத வெச்சேன்’னீங்க. ஒருத்தரு உங்க சட்டையப் புடிச்சாரு.

அருள்பிரகாசம்: ரெண்டு பட்டன் போச்சு. வேற ஒண்ணுமில்ல.

கரோலின்: நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன் மாமா.

அருள்பிரகாசம்: நீ அழுதுகினு இருந்த.

கரோலின்: அந்த நேரத்துல அழல. நீங்க அப்படிச் சொன்னதும் எனக்கு… அப்பாடான்னு இருந்துச்சு. தம்பி பெட்டில படுத்திருக்கான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

அருள்பிரகாசம்: வுட்டுடும்மா.

கரோலின்: நான் மொதல்ல எழுதினதுல நீங்க அந்த வரிய கோடு போட்டு அடிச்சுக் குடுத்தீங்க. சிவப்பு மையில.

அருள்பிரகாசம்: பச்ச.

கரோலின்: பச்ச. ரெண்டு கோடு. ஓரத்துல ‘நிழல் கேட்டா இன்னா தப்பு’ன்னு எழுதியிருந்தீங்க.

அருள்பிரகாசம்: பின்ன? நிழல்ல ஆடினா கோலு போவாதா?

கரோலின்: அத எடுத்துட்டுதான் நான் நல்ல காப்பி எழுதியிருக்கணும்.

அருள்பிரகாசம்: வேல அவசரத்துல மறந்திருப்ப.

கரோலின்: மறக்கல.

அருள்பிரகாசம்: கரோலு…

கரோலின்: தெரிஞ்சேதான் திரும்ப எழுதினேன். நீங்க படிக்காமயே கையெழுத்து போடுவீங்கன்னும் தெரியும்.

அருள்பிரகாசம்: நீ எழுதினத நான் எதுக்குப் படிக்கணும்?

கரோலின்: அதான். மத்த கிளப்புங்க உங்க கையெழுத்தப் பாத்துட்டு அதுங்கீழ போட்டாங்க. அந்த வரி இல்லாம மனு மொட்டையா இருந்துச்சு மாமா. அது இருந்தா அழகா இருந்துச்சு. அவ்ளோதான் காரணம். வேற ஒண்ணுமே இல்ல. அழகா இருந்துச்சு.

அருள்பிரகாசம்: …எனக்குத் தெரியும்.

கரோலின்: எப்பலேர்ந்து?

அருள்பிரகாசம்: அடக்கத்தன்னைக்கே. அவங்க அந்த வரிய சொல்லசொல்லயே தெரிஞ்சிபோச்சு. நான் அடிச்ச வரி எப்படி உள்ள வந்துச்சுன்னு உன் மூஞ்சியப் பாத்தேன். அப்பால நான் இன்னா பண்றது? தம்பிய குடுத்துட்டு நிக்கற பொண்ணு மேல அத்தன பேரையும் ஏவி வுடவா?

கரோலின்: ஒரு வருஷம் ஆச்சு. உங்கள யாரும் டீக்கடையில கூட கூப்புடறதில்லன்னு பிராங்கிளின் சொன்னான்.

அருள்பிரகாசம்: டீ காசு மிச்சம்.

கரோலின்: சிரிக்காதீங்க மாமா. உங்களுக்கு ஒரு போன் பண்ணல நானு. அந்தத் தெருப்பக்கமே வரல.

அருள்பிரகாசம்: சரி, இப்ப எழுதறியா?

கரோலின்: எழுதறேன். ஆனா நான் எழுதறபடிதான்.

அருள்பிரகாசம்: எப்படி?

கரோலின்: ‘அந்த வரியைச் செயலாளர் அடித்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் நான் திரும்ப எழுதினேன். அவரை நம்பிப் பன்னிரண்டு கிளப்புகளும் கையெழுத்திட்டன. தவறு என் ஒருத்தியுடையது. அந்த வரியைக் கிளப் திரும்பப் பெறுகிறது. ஆட்டத்தை நாலரை மணிக்கு வைக்கவும். இப்படிக்கு, கரோலின். இறந்துபோன ஆட்டக்காரரின் அக்கா.’

அருள்பிரகாசம்: கமிட்டில இத சத்தமா படிப்பாங்கம்மா.

கரோலின்: படிக்கட்டும்.

அருள்பிரகாசம்: சாயங்காலத்துக்குள்ள ராயபுரம் பூரா தெரியும். உங்கம்மாவுக்குத் தெரியும்.

கரோலின்: தெரியட்டும்.

அருள்பிரகாசம்: வேணாம். ஒரு புள்ளைய குடுத்தவங்க. இருக்கற புள்ள மேலயும் மனசு ஒடஞ்சா எங்க போவாங்க? கோவம் எம்மேலயே இருக்கட்டும். எனக்குப் பழகிடுச்சு.

எல்சி: கரோலு…

கரோலின்: அம்மா? எப்ப வந்த?

அருள்பிரகாசம்: நான் கெளம்பறேன் எல்சிக்கா. சும்மா பூசை நேரம் கேக்க…

எல்சி: வந்தவருக்கு ஒண்ணும் குடுக்கலயாடி?

கரோலின்: அம்மா, இப்படி குந்து. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருஷ மனுல…

அருள்பிரகாசம்: ஒண்ணுமில்லக்கா. நான் சொல்லி எழுத வெச்ச வரிதான். அத வாபஸ் வாங்கறோம். அதான் பேசினுகீறோம்.

எல்சி: கரோலு, அவர பொய் சொல்ல வேணாம்னு சொல்லு. பங்குசாமி இன்னைக்கு சீக்கிரம் முடிச்சிட்டாரு. நான் வந்து வாசல்ல நின்னு ரொம்ப நேரமாச்சு.

கரோலின்: அப்ப எல்லாம் கேட்டியா?

எல்சி: கேட்டேன். நீ சொன்னபடியே எழுது. ‘என் ஒருத்தியுடையது’ன்றத மட்டும் எடுத்துடு.

கரோலின்: அம்மா, நீ சும்மா இரு.

அருள்பிரகாசம்: அத ஏன்க்கா எடுக்கணும்?

கரோலின்: ஒண்ணுமில்ல மாமா. அம்மா ஏதோ…

எல்சி: அன்னைக்கு நான் நெத்திலி ஆய்ஞ்சினு இருந்தேன். நீ காயிதத்த எட்துனு வந்து ரெண்டு வாட்டி படிச்சிக் காட்டின. அந்த வரி இல்லாம ஒரு வாட்டி, வெச்சு ஒரு வாட்டி. ‘மாமா வேணாம்னு அடிச்சிட்டாரும்மா, இன்னா பண்ணட்டும்?’னு கேட்ட. நான் இன்னா சொன்னேன்?

கரோலின்: ஞாபகம் இல்ல.

எல்சி: கீது. ஒரு வருஷமா எனக்காக வாய மூடினுகீற.

கரோலின்: வேணாம்மா…

எல்சி: ‘சோக்கா கீதுடி. அவரு கெடக்கறாரு, நீ போடு’ன்னேன்.

அருள்பிரகாசம்: எல்சிக்கா… அப்ப இத்தினி நாளா எம்மேல கோவமா கீறீங்கன்னு நான்…

எல்சி: கரோலு, அவருகிட்ட சொல்லு. கோவம் இல்ல. இந்த ஊர்லயே வேணாம்னு சொன்னது அவரு ஒருத்தருதான். அந்த மூஞ்சிய நான் எப்படிடி பாக்கறது? இப்பவும் முடியல. காப்பி போடறேன். நீயே எட்துனு போய் குடு.