ஊராருக்காக ஒரு கையெழுத்து

— அந்தப் பீடிக்கட்ட ஜோபியிலேயே வெச்சுக்கோ சிட்டிபாபு. என் வாசல்ல அத எடுத்துக் காட்டாத.

— சூடண்டி உமாபதிகாரு, இத பாருங்க, நான் பீடி காட்டல, லேபில் காட்டறேன். பந்து மார்க் பீடி. நடுவுல உங்க பையன் கோவர்த்தனன், கால்ல பந்து. மெட்ராஸ்லேருந்து குண்டக்கல் வரைக்கும் இந்த மூஞ்சி தெரியாத பெட்டிக்கடை லேது. அப்பாவுக்கு இதவிட இன்னா வேணும்?

— எங்க வம்சத்துல ஒருத்தன் பீடி தொட்டதில்ல. நேத்து ரயில்வே கேட்டாண்ட சாக்கடையில மெதந்துக்கினு இருந்தான் என் பிள்ள. நாலு பேர் பார்க்கக் குனிஞ்சு எடுத்தேன். யாருக்கும் குனியாத முதுகு இது. தெரிஞ்சுக்கோ.

— பீடி குடிச்சவன் லேபில பூஜையிலயா வெப்பான்? சரே, வந்த வேலைய சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல எங்க பீடிக் கம்பெனி டீமுக்கு ஃபைனல். உங்க பையன் யார்கிட்டயும் சொல்லாம திங்கக்கிழமையே ரயிலேறி நகரிக்கு வந்துட்டான். டீம் மேனேஜர்னு என் மேல ஓனர் குதிக்கிறாரு. அனுப்பி வைங்க.

— அவனையே கேளு. கதவாண்டதானே நிக்கிறான்.

— நான் வரல சார்.

— ஏம்ப்பா கோவர்த்தனா, உடம்பு சரியில்லையா?

— உடம்பு நல்லாத்தான் கீது. மாசம் முப்பது ரூபா குடுக்கறீங்க. அதுலயும் சாப்பாட்டுக்குன்னு எட்டு ரூபா பிடிச்சுக்கறீங்க. என் மூஞ்சிய லேபில்ல போட்டீங்களே, அதுக்கு எனக்கு இன்னா குடுத்தீங்க? ஒரு காசு இல்ல. என்ன ஒரு வார்த்த கேக்கவும் இல்ல. புத்தூர் ஸ்டேஷன்ல தகரப் பலகையில என்ன நானே பார்த்துட்டு நின்னுக்கினு இருக்கேன், பக்கத்துல ஒரு ஆளு சொல்றான், இவன் செம பணம் பண்ணிக்கினு இருப்பான்னு.

— கம்பெனி டீம்ல ஆடறவன் கம்பெனிக்கு சொந்தம். ரூலு ரூலே.

— நம்ம டீம்ல ஆடின சின்னப்பனும் சொந்தந்தானே? போன மழையில முட்டி ஒடிஞ்சப்ப அஞ்சு ரூபா குடுத்து அரக்கோணம் வண்டியில ஏத்தி அனுப்பிட்டீங்க. இன்னிக்கு அவன் கக்கத்துல ரெண்டு கட்ட வெச்சுக்கினு நடக்கறான். பெங்களூர் டீம்ல எனக்கு நூத்தி இருபது ரூபா சம்பளமும் ஒரு நிரந்தர வேலையும் தர்றாங்க. காலு ஒடிஞ்சா வைத்தியமும் அவங்களுதே. இந்த வாரத்துக்குள்ள வந்து கையெழுத்து போடுன்னு தந்தி வந்திருக்கு.

— ஓஹோ, தந்தி. மெட்ராஸ்லேருந்து எழுந்து வந்ததுக்கு இதான் காரணமா. கோவர்த்தனா, புத்தூர் மைதானத்துல வெறுங்காலோட ஆடிக்கினு இருந்தியே, உனக்கு மொதல் பூட்ஸ் வாங்கிக் குடுத்தது யாரு?

— அது இப்ப எதுக்கு சார்?

— பதில் சொல்லு. யாரு?

— நீங்கதான்.

— எப்படி வந்துது அந்த பூட்ஸு, மறந்து போச்சா?

— போதும் சிட்டிபாபு. ஒரு ஜோடி தோலுச் செருப்பக் குடுத்துட்டு என் பிள்ளய ஆயுசுக்கும் ஓட்டலாம்னு பார்க்கறியா? அவன் பந்து ஆடறதே எனக்குப் பிடிக்கல, ஊரறிஞ்ச விஷயம். ஆனா ஆடினான், கெலிச்சான். கூலின்னு வந்தா ஒழுங்கான கூலி குடு, இல்ல விடு. அவன் பெங்களூருக்குப் போவான்.

— போவ முடியாது உமாபதிகாரு. அஞ்சு வருஷ ஒப்பந்தம். இதோ, நீங்களே படிங்க. அப்போ பையனுக்குப் பதினேழு வயசு. அதனால அப்பா கையெழுத்து.

— நான் எந்த ஒப்பந்தத்துலயும் கையெழுத்து போடல.

— இந்தக் கையெழுத்து யாருது?

— குடு இங்க. கோவர்த்தனா, என் கண்ணாடி எடுத்தா.

— இந்தா நைனா.

— ...என் கையெழுத்துதான்.

— அப்பாடா.

— அவசரப்படாத. இங்கிலீஷ்ல டைப் அடிச்சிருக்கறது பக்கத்தோட மேல்பாதியில இருக்குது. என் கையெழுத்து அடியில மூலையில கீது. நடுவுல ஒரு மாடு படுத்து எழுந்திருக்கலாம். அப்புறம் கையெழுத்துக்கு மேல தமிழ்ல இன்னா எழுதியிருக்குது, நீ படிச்சியா?

— எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க ராது.

— நீ படிடா கோவர்த்தனா.

— நகரி ஊராருக்காக, உமாபதி.

— கேட்டியா சிட்டிபாபு? பெத்த பிள்ளய எழுதிக் குடுக்கறவன் ஊராருக்காகன்னு ஏன் எழுதறான்? ஊரா அவனப் பெத்துது?

— அது... உங்க வழக்கமா இருக்கும்.

— வழக்கந்தான். எந்த வழக்கம்னு சொல்றேன் கேளு. ஆந்திரா ஸ்டேட் பிரிச்சு நாலு வருஷம் ஆவுது. எங்க ஊர மெட்ராஸோட சேருங்கன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்ன எல்லை விசாரணைக்கு மனு எழுதினோம். இருபது ஊரு, ஊருக்கு ஒரு மனு. டைப் மெஷினு சித்தூர்ல. இங்கிலீஷ்ல எழுதற வக்கீலும் சித்தூர்ல. கெடு மூணு நாளு. அதனால வெத்துக் காயிதத்துல மொதல்ல கையெழுத்து போட்டுக் கட்டி அனுப்பினோம், மேல அவங்க அடிச்சுக்கட்டும்னு. எங்க ஊரு மனுவுக்குப் பக்கம் எத்தினி ஆவும்னு தெரியாததால, எல்லைக் கமிட்டித் தலைவர்னு நான் முப்பது காயிதத்துல ஊராருக்காகன்னு எழுதிக் கையெழுத்து போட்டேன். மீந்தது என் பெட்டியில இருந்துது. இது அதுல ஒண்ணு.

— அப்படியா.

— அப்படியான்னு கேக்கறியா? திருட்டுக் காயிதத்த வெச்சுக்கினு என் வாசல்ல வந்து நிக்கற.

— நான் திருடல. இந்தக் காயிதம் தானா நடந்து என் கைக்கு வரல, அவ்ளோதான் சொல்வேன். யார் குடுத்தாங்கன்னு கேக்காதீங்க, உங்களுக்கு நல்லதில்ல. கோவர்த்தனா, அஞ்சு மணிக்கு வண்டி இருக்குது. துணி எடுத்துக்கினு வா, எல்லாம் மறந்துடலாம்.

— அவன் வரமாட்டான். நான் கோர்ட்டுக்குப் போறேன்.

— தாராளமா. போயி இன்னா சொல்வீங்க? வெத்துக் காயிதத்துல கையெழுத்து போட்டேன்னுதானே? அடுத்த வாரம் சித்தூர்ல எல்லை விசாரணை. தெலுங்குக்காரங்க பக்கத்து வக்கீல் அத ஒரு தட்டுல வெச்சுக் கொண்டுபோயி நீட்டுவாரு. நகரிக்காரங்க மனு எல்லாம் படிக்காம போட்ட கையெழுத்து, தலைவரே ஒத்துக்கினாருன்னு. இருபது ஊரு மனுவும் குப்பை. உங்க பேரும்.

— நைனா, கோர்ட்டுக்குப் போறேன்னியே, போவியா மாட்டியா?

— சித்த சும்மா இரு.

— சும்மா இருந்தா இவர் இழுத்துக்கினு போயிடுவாரு. நான் இன்னும் மூணு வருஷம் முப்பது ரூபாய்க்கு ஓடணும். சின்னப்பன் மாதிரி நடக்கற வரைக்கும் ஓடணும். உனக்கு மனு பெருசு, கமிட்டி பெருசு. நான் கோல் போட்ட அன்னிக்கு ஊரே வந்து சொல்லிச்சு, நீ கேட்டுக்கினு தலைய அப்பால திருப்பிக்கின. இப்பவும் திருப்பிக்கோ.

— அப்பாகிட்ட பேசற பேச்சா இது?

— பேச்சு இல்ல. என் காலு.

— உமாபதிகாரு, சண்ட எதுக்கு. மாசம் ஐம்பது ஆக்கறேன். ஓனர்கிட்ட நான் பேசறேன். லேபிலுக்குன்னு வருஷம் ஒரு வேட்டி சட்டை.

— வேட்டி சட்டையா? என் வாசல்ல நின்னுக்கினு எனக்கு வேட்டி குடுக்கறியா? கோவர்த்தனா, காயிதம் பேனா எடுத்தா. கோடு போட்ட காயிதம்.

— எதுக்கு நைனா?

— நான் சொல்றத நீ எழுது. ரெண்டு பிரதி. ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு சித்தூர் விசாரணைக்கு.

— நிஜமாவே எழுதப் போறீங்களா? முப்பது வருஷப் பேரு போயிடும்.

— அது எம் பேரு. நான் சம்பாரிச்சது, நான் செலவு பண்றேன். நீ உக்காராத, நின்னுக்கினே கேளு. எழுதுடா. நகரியில குடியிருக்கும் உமாபதி எழுதிக் குடுப்பது என்னன்னா.

— எழுதினேன்.

— கமிட்டித் தலைவர் என்கிற மொறையில நான் வெத்துக் காயிதங்கள்ல கையெழுத்து போட்டது உண்மை. படிக்காம போட்டது என் குத்தம். ஊரார் குத்தம் இல்ல. மத்தவங்கள நான்தான் போடச் சொன்னேன்.

— நைனா, இந்த வரி வேணுமா?

— வேணும். எழுது. விசாரணையில நானே வந்து நின்னு இத சொல்லுவேன்.

— ...எழுதிட்டேன்.

— மஞ்சிதி இல்ல உமாபதிகாரு, உங்களுக்கு நல்லதில்ல. யோசிங்க. ஐம்பத்தஞ்சு ஆக்கறேன்.

— அப்பால எழுதுடா. அந்தக் காயிதங்கள்ல ஒண்ண என் பெட்டியிலிருந்து திருடி பீடிக் கம்பெனிக்கு வித்தது, கமிட்டியில கணக்கு எழுதற பச்சையப்பன்.

— பச்சையப்பனா?

— வேற யாரு? பெட்டி சாவி எப்பவும் என் அரைஞாண்ல இருக்குது. குளிக்கறப்ப மட்டும் ஆணியில மாட்டுவேன். அந்த மூணு நாளும் காலையில வந்து உள்ள உக்காந்துக்கினு இருந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு என் வீட்டுச் சோறு போட்டேன்.

— அவர் பேரு நான் சொல்லல உமாபதிகாரு. அத மட்டும் சாட்சியா வெச்சுக்கோங்க.

— நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன். நாளைக்கு கோயில் வாசல்ல நாலு பேர வெச்சு அவனக் கேப்பேன். கமிட்டியில இருந்து தள்ளுவேன். அவன் பொண்ணுக்குப் பேசிக்கினு இருக்கற சம்பந்தம் நிக்குமா நிக்காதான்னு அவனே பார்த்துக்கட்டும். ஏன் பேனா நின்னு போச்சு? எழுதுடா.

— நைனா.

— அந்தப் பேரு எழுதினாதான் இது திருட்டுக் காயிதம். இல்லன்னா இவன் கோர்ட்ல கெலிச்சுடுவான், நீ பெங்களூருக்குப் போவ முடியாது. மையி தீந்து போச்சா?

— மையி இருக்குது.

— அப்ப எழுது. ப-வுலேருந்து ஆரம்பி.

— அவர் பேர எழுத மாட்டேன் நைனா. நீ குளிக்கப் போனப்ப ஆணியிலேருந்து சாவிய எடுத்து, அந்தக் காயிதத்த இவர் கையில குடுத்தவன் நான்தான், ஒரு ஜோடி பூட்ஸுக்கு.