வெறுந்தண்ணி எலிகள்

சுனில்டா: டெர்லிஸ் அண்ணே, அந்த அளவுக் குழாயை வெளிச்சத்துல காட்டுங்க.

டெர்லிஸ்: மூணாவது தடவை காட்டுறேன்ம்மா. எலி மூத்திரந்தானே, தேனா என்ன?

சுனில்டா: மூத்திரம் பெருக்குற குதிரைவால் மூலிகைக் கஷாயம் குடிச்ச ஆறு எலியும் நல்லா பேஞ்சிருக்கு, சரி. வெறுந்தண்ணி குடிச்ச ஆறும் அதே அளவு பேஞ்சிருக்கே... அது எப்படி?

டெர்லிஸ்: ஒருவேளை பயத்துல...

சுனில்டா: விளையாடாதீங்க! வித்தியாசம் இல்லன்னா மூலிகையில ஒண்ணுமில்லன்னு அர்த்தம். மூணு வருஷ ஆராய்ச்சி அம்போ. பட்டமும் கிடையாது. மூணு மணிக்குப் பேராசிரியர் வேற வராரு.

டெர்லிஸ்: அதெப்படி ஒண்ணுமில்லாம போகும்? நம்ம அசுன்சியோன் ஊர்ல பாதி சனம் அதைக் குடிச்சுத்தானே...

சுனில்டா: கூண்டை மாத்தி வச்சிட்டீங்களா?

டெர்லிஸ்: சத்தியமா இல்ல.

சுனில்டா: சீட்டு?

டெர்லிஸ்: நீங்க ஒட்டினது.

சுனில்டா: ஐயோ, மண்டை குழம்புது... தண்ணி? தண்ணி எங்க புடிச்சீங்க?

டெர்லிஸ்: தண்ணியா... தண்ணிதான்.

சுனில்டா: எந்தத் தண்ணி?

டெர்லிஸ்: குழாயில கொதிக்குதும்மா. வெளியில நாப்பது டிகிரி. வாயில்லா ஜீவன்... நான் குடிக்கிற தெரெரே பச்சிலைத்தண்ணி ஜாடியிலேர்ந்து ஊத்திட்டேன். ஐஸ் போட்டு, ஜில்லுன்னு...

சுனில்டா: ஜாடியில என்ன இடிச்சுப் போட்டீங்க?

டெர்லிஸ்: எப்பவும் போடறதுதான்... ஒரு கைப்பிடி குதிரைவால்.

சுனில்டா: அடப்பாவி அண்ணே!

டெர்லிஸ்: வடிகட்டித்தான் ஊத்தினேன்! நாலு பச்சிலைகூடப் போடாம இந்த ஊர்ல யாரு தண்ணி குடுப்பா? எங்கம்மா பாத்தா செருப்பால அடிப்பா.

சுனில்டா: மூணு மணிக்கு அவர் வந்து நிப்பாரேண்ணே...

டெர்லிஸ்: ஆனா பாருங்க, மருந்து வேலை செஞ்சிருக்குல்ல? ரெண்டு பக்கமும்! நாளைக்கு வேற எலி, சுத்தமான தண்ணி... திரும்ப அளந்துடுவோம். அவர் வரட்டும், தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன்.

சுனில்டா: வேண்டாம்.

டெர்லிஸ்: ஏன்?

சுனில்டா: சொல்லாதீங்கண்ணே. யார்கிட்டயும்... அந்த அளவுக் குழாயைக் கழுவி வச்சிடுங்க.

டெர்லிஸ்: கழுவவா? அளவு இன்னும் எழுதலியே! என்னைக் காப்பாத்தப் பாக்குறீங்களா? வேலை போனா போகட்டும்மா, நான் செஞ்சதுக்கு...

சுனில்டா: உங்களை இல்ல.

டெர்லிஸ்: பின்ன யாரை? ஒண்ணும் புரியலியே...

சுனில்டா: வெறுந்தண்ணி எலிங்க பாதிகூடப் பேயலன்னு நேத்து சாயங்காலமே அவருக்கு எழுதி அனுப்பிட்டேண்ணே... ஆறுக்கும் அளவு போட்டு. அப்ப ஒரு எலியைக்கூட நாம கூண்டுல விடல.