அம்மா வாசிச்ச நம்பர்

— நம்பர மட்டும் போன்ல சொல்லுக்கா. பார்சல்ல வந்த வெளக்கு எரிஞ்சாலும் எரியாட்டியும் அதையே சொல்லிருவோம். அங்க கொரியாவுல ஒன்கூட இருக்குற ஒங்க சேருக்கு எப்புடித் தெரியப் போவுது?

— தினேசு, வாயக் கழுவு! நம்பர் ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பார்சல நம்ம லயத்து வீட்டுக்கு அனுப்புனேன். லெப்ல நான் அளந்தா, ஒன் கணக்குக்கு ஏத்த மாதிரி நீயே அளந்துக்கிட்டங்கிறாரு சேரு. கணக்குத் தெரியாத ஆளுதான் அளக்கணுமாம்.

— அப்புடி என்ன கணக்கு புள்ள அது? நான் பெரட்டுல பேர் குடுத்துக் கொழுந்து பறிக்கப் போகாம ஒக்காந்திருக்கேன், எனக்கும் சொல்லேன்.

— அம்மா, அந்தச் சாம்பல் கலர் பீங்கான் பட்ட இருக்குல்ல, அது ஒரு டிரான்ஸ்போமர். பீசோன்னு சொல்லுவாங்க. கம்பிச் சுருள் ஒன்னும் கெடையாது. ஒரு பக்கம் கொஞ்சமா கரண்ட் குடுத்தா துடிக்கும். துடிச்சா மத்தப் பக்கம் பெரிய வோல்ட்டா வரும். சரியான வேகத்துல துடிச்சாத்தான் வெளக்கு நல்லா எரியும். குளிர்ல அந்த வேகம் மாறும். எவ்வளவு மாறும்னு அளக்காமலே சொல்றதுதான் என் கணக்கு. சேரு, குளிரெல்லாம் பெருசா ஒன்னும் செய்யாதுங்கிறாரு.

— விடிய இந்த நமுனுகுல மலைக் குளிர்ல பெரட்டுக்கு வந்து நிக்கச் சொல்லு. செய்யுதா செய்யலயான்னு தெரியும்.

— வெளையாடாதீங்கம்மா! இது பிழையாப் போனா ஸ்கொலர்ஷிப்ப நிப்பாட்டி அனுப்பிருவாங்க.

— அனுப்புனா வா. ஒன் மூஞ்சியப் பாத்து ரெண்டு வருசமாச்சு.

— அம்மா... தினேசு, பார்சல்ல வந்த பெட்டியோட குமிழத் திருகு மெதுவா. வெளக்கு நல்லா எரியிற எடத்துல நிப்பாட்டு. அம்மா, நீங்க பெட்டியில தெரியிற நம்பர வாசிங்க.

— திருகுறேன்... ம்ஹூம். மினுக்குன்னு ஒரு பொட்டு. அம்புட்டுதான்கா.

— ஐயோ. பட்டைய எப்புடி வச்சிருக்க?

— ஆடக் கூடாதுன்னு ரெண்டு முனையையும் பலகையோட சேத்து இறுக்கிக் கட்டிட்டேன்.

— பாவி! முனைதாண்டா ஆடணும்! கையக் காலக் கட்டிப் போட்டு ஆடுன்னா யாரு ஆடுவா? சுவிட்ச ஓஃப் பண்ணிட்டு அவுத்துரு. குறுக்க ரெண்டு கோடு போட்டிருக்கேன்ல, அந்த ரெண்டு எடம் மட்டுந்தான் ஆடாது. அதுக்குக் கீழ ஸ்பொஞ்சு வையி.

— கோடு என்னமோ அழுக்குன்னுல்ல நெனச்சேன்... இரு... வச்சாச்சு. திருகுறேன். அக்கா! அக்கோவ்! எரியுதுக்கா! காம்பரா செவுரெல்லாம் வெளிச்சம்!

— தாண்டிப் போயிறாத. கொறைய ஆரம்பிச்சா ஒரு மயிரிழ பின்னால வா. நிப்பாட்டுனியா? அம்மா, இப்ப வாசிங்க. அம்மா? கேக்குதா? லைன் கட்டாயிருச்சா?

— கேக்குது. அஞ்சு... நாலு. புள்ளி. ஆறு, மூணு.

— இன்னொருக்கா சொல்லுங்க.

— அம்பத்தி நாலு புள்ளி ஆறு மூணு.

— அதேதான்! அம்மா, அதேதான்! சேருக்கு எழுதிக் குடுத்த அதே நம்பர்! செக்கனுக்கு அம்பத்தி நாலாயிரம் தடவைக்கு மேல துடிக்குதும்மா, நான் சொன்ன மாதிரியே துடிக்குது! அவரு சொன்னது அம்பத்தி நாலு புள்ளி நாலு. நாந்தான் சரி!

— எங்க அக்காடா! இங்க அடுத்த காம்பரா ஆளுகளெல்லாம் ஓடி வாராங்க. என்னத்துக்குன்னு தெரியாமலே கை தட்டுறாங்கக்கா!

— அம்மா, அழுவுறீங்களா? இனிப் பயமில்லம்மா. படிப்பு முடியிற வரைக்கும் என்னைய இங்கருந்து யாரும் அனுப்ப முடியாது.

— தெரியும் புள்ள. ஒரு நம்பர மாத்தி வாசிச்சிருந்தா நீ வீட்டுக்கு வந்திருப்பேன்னு தெரிஞ்சுதான், நீ வாசிக்கச் சொன்னப்ப கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம இருந்தேன்.