பேட்டரியும் சேத்து எழுதிக்குங்க

இல்ல சார், இந்தப் பக்கம் வந்து நின்னு என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. ஆங், இப்ப கேளுங்க. பேட்டரி வேணாம், சோலார் பேனல் மட்டும் போட்டா என்னங்கறீங்க. நேத்து வந்த ஜவுளிக் கம்பெனிக்காரரும் இதத்தான் கேட்டாரு. அவரு படியேறும்போதே கேட்டாரு. நீங்க மொட்டை மாடிக்கு வந்து மூச்சு வாங்கிட்டுக் கேக்கறீங்க, அது வரைக்கும் சந்தோஷம்.

போடலாம் சார், தாராளமா போடலாம். அட்டைப்பெட்டி கம்பெனின்னா கூரை பெருசா இருக்கும். கரண்ட் பில்லு பாதியாயிடும். போட்ட காசு அஞ்சாவது வருஷம் திரும்பிடும்னு எங்க கணக்குப் பாக்கற அம்மா சொல்றாங்க. அவங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல, அதச் சொன்ன அன்னைக்கு லேசா சிரிச்சாங்க.

கீழ மிஷின் ஹால்ல சூடும் குறைஞ்சு போச்சு. பேனல் கூரைக்கு நிழல் குடுக்குதில்ல. முன்னல்லாம் மத்தியானம் ஆச்சுன்னா ஆளாளுக்குச் சட்டையப் புழிஞ்சுக்கிட்டு நிப்பாங்க. இப்ப சூப்பர்வைசர் டை கட்டிக்கிட்டு வர்றாரு. தேவையான்னு கேக்காதீங்க. கட்டறாரு.

வெளிநாட்டு ஆர்டரா? அதுவும் இதனாலதான். நாங்க பண்றது பாட்டில் மூடி. வாங்கறவங்க வர்றாங்கன்னு ரெண்டு நாளா மூடியத் தொடச்சுத் தொடச்சு அடுக்கி வச்சோம். வந்தவங்க நேரா இங்க ஏறினாங்க, பேனல் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. மூடிய ஒருத்தரும் தொடக்கூட இல்ல. அன்னையிலேருந்து யாரு வந்தாலும் சுத்திக் காட்ட முதலாளி என்னையத்தான் அனுப்பறாரு.

ஆனா பேட்டரியும் சேத்து எழுதிக்குங்க சார். அதுல மட்டும் கைய வச்சிடாதீங்க. வெறும் பேனலா இருந்தா, கரண்ட் போன அடுத்த நொடி அதுவும் நின்னுடும். வெயில் மண்டையப் பொளந்தாலும் நின்னுடும். பேனல் கரண்ட் வெளிய போயி, லைன்ல ஏறி வேலை பாக்கறவனுக்கு ஷாக் அடிச்சிடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. மேல அத்தனை பேனலும் சும்மா வெயில் காயும், கீழ ஜெனரேட்டர் டீசலக் குடிச்சுக்கிட்டு ஓடும். முதல் வருஷம் நாங்களும் அதே கஞ்சத்தனத்தப் பண்ணிட்டு முழிச்சோம். ஜெனரேட்டர் பிடிக்கறதுக்குள்ள பிளாஸ்டிக் மிஷினுக்குள்ளயே இறுகிடும். உங்களுக்கு அட்டை ஒட்டற பசை காஞ்சிடும். பேட்டரி வந்தப்புறம் லைட்டு கூட சிமிட்டல.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? அந்த ஜெனரேட்டர ஓட்டினதே நான்தான சார். பத்தொம்பது வருஷம். தகர ரூமு, ஒரு ஜன்னல். காதுக்குப் பஞ்சு குடுத்தாங்க. குறை சொல்லக் கூடாது, நல்ல பஞ்சு. ஒம்பதாவது வருஷம் வலது காது போச்சு. இடது காது இருக்கும்போதே ரிட்டயர் ஆயிடலாம்னு பாத்தேன், அது முந்திக்கிச்சு. உதடு அசையறத வச்சுத்தான் நீங்க பேசறதப் புரிஞ்சுக்கறேன். நீங்க மீசை வைக்காதது பெரிய உதவி.

அட, அதுக்கெல்லாம் முகத்த அப்படி வச்சுக்காதீங்க. சௌகரியமும் இருக்கு. மச்சான் வந்து புலம்ப ஆரம்பிச்சா திரும்பி உக்காந்துக்குவேன். பேட்டரி வச்சப்புறம் முதல் தடவை கரண்ட் போச்சு பாருங்க, ஜெனரேட்டர் சத்தமே இல்லன்னு எல்லாரும் கைதட்டினாங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. காலுக்கடியில தரை அதிரல, அவ்வளவுதான்.

கமிஷனா? ஒண்ணும் கிடையாது சார். பேட்டரி விக்கறவரு யாருன்னே எனக்குத் தெரியாது. உங்க ஜெனரேட்டர் ரூம்ல ஒல்லியா ஒருத்தன் இருக்கான்ல, நெத்தியில தழும்போட? என் பையன்தான். சேந்து மூணு வருஷமாச்சு. போன ஞாயித்துக்கிழமை பொண்டாட்டியோட வீட்டுக்கு வந்திருந்தான். எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். அவன் பொண்டாட்டி அவனுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டா. ரெண்டு தடவை அவ வாய் அசைஞ்சத நான் பாத்தேன். அவன் திரும்பல.

தெரியும் சார், பேட்டரி வந்துட்டா அவன் வேலை போயிடும். போகட்டும். வேற வேலை தேடிக்கலாம். நான் சொல்லித்தான் வச்சீங்கன்னு மட்டும் அவன் காதுக்குப் போயிடக் கூடாது. உங்க பழைய மேனேஜர் வீட்டுக்கு நாலு தடவை நடந்து, கெஞ்சி, அவனுக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே நான்தான்.